நீர்ப்பம்பி எஞ்சினும் பெற்றோல் காப்புத் திரவமும்

மடுல்சீமை, பசறை, வெலிமடை முதலிய ஊவாப் பகுதிகளில் பெரும்போக நெற்செய்கைக்கு வடகீழ்ப் பருவ மழையே ஆதாரமாகும். ஆனி முதல் புரட்டாதி வரை வறண்ட காற்று வீசுங் காலத்திலோ, போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் முதலிய மரக்கறிப் பயிர்களுக்கு ஓயாவிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நீர் இறைத்தல் அவசியமாகின்றது. ஆகவே நீர்ப்பம்பி எஞ்சின் ஆண்டிற் சில மாதங்கள் உழைத்து, மற்றைய மாதங்கள் கொட்டகையின் மூலையில் ஓய்ந்திருக்கின்றது. எஞ்சினுக்குப் பெருங்கேடு விளைவது பெரும்பாலும் இவ்வோய்வு மாதங்களிலேயாம். போஞ்சி பூக்குந் தறுவாயில் நீர் கிடையாவிடின் பூவும் பிஞ்சும் உதிரும். அவ்வேளையில் எஞ்சின் இயங்க மறுத்தால் நட்டம் விவசாயியையே சாரும்.

பெற்றோல் கெடும் விதம்

பெற்றோல் பல திரவங்களின் கலவையாகும். அவற்றுள் எளிதில் தீப்பற்றும் பாகம் முதலில் ஆவியாகிவிடுவதால், பழைய பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கத் தொடங்குவது கடினமாகின்றது. எஞ்சிய பாகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, நாளடைவிற் பிசின் போன்ற பொருளாக மாறுகின்றது. பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் காபுரேற்றரின் துவாரங்கள் மிக நுண்ணியவை. சிறிது பிசின் படிந்தாலும் அடைபட்டுவிடும். மேலும், குளிர்ந்த இரவுகளில் பாதி நிரம்பிய தாங்கியின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிந்து, அடியிலே தேங்கித் துருவை உண்டாக்கும்.

காப்புத் திரவத்தின் பயன்

பனிக்காலத்தில் மாதக்கணக்காகக் கரையேற்றி வைக்கப்படும் படகு எஞ்சின்களைக் காப்பதற்கு, மேனாடுகளில் பெற்றோலோடு ஒரு காப்புத் திரவத்தைக் கலப்பது வழக்கம். நீர்ப்பம்பிக்கும் அது பயன்படும். அத்திரவம் பெற்றோல் ஒட்சிசனோடு சேர்வதைத் தாமதப்படுத்துகின்றது. ஆயின், கெட்டுப்போன பெற்றோலை அது நல்லதாக்காது, துருவை நீக்காது, அடைபட்ட துவாரத்தைத் திறக்குமென நம்புதலும் தவறு. புதிய பெற்றோலில் கலந்தால் மாத்திரமே முழுப் பயன் கிட்டும். அளவுக்கு மிஞ்சிக் கலப்பதால் நன்மை பெருகாது. போத்தலிற் குறித்த அளவே போதுமானது.

ஓய்வில் வைக்கும் முறை

1. எஞ்சினை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாயின், தாங்கியிலுள்ள பெற்றோல் முழுவதையும் சுத்தமான மூடுகலனில் வடித்தெடுத்தல் வேண்டும். அதனைக் காலந்தாழ்த்தாது வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

2. பின்னர் எஞ்சினை அது தானாகவே நிற்கும்வரை ஓடவிட்டு, காபுரேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி மீதியையும் வடித்தல் வேண்டும். ஓடும்போது பம்பியில் நீர் நிறைந்திருத்தல் அவசியம். வறண்டு ஓடினால் நீர் கசியாது தடுக்கும் பாகம் கெட்டுவிடும்.

3. பெற்றோலை வடிக்க இயலாதவிடத்தே காப்புத் திரவம் தேவைப்படும். புதிய பெற்றோலில் அதனைக் கலந்து, தாங்கியை ஏறக்குறைய நிரப்பி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடல் வேண்டும். அப்போதுதான் கலவை காபுரேற்றர் வரை சென்று சேரும்.

4. எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை உள்ளே விட்டு, இழுகயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துவிட்டு மீண்டும் பூட்டுதல் நன்று.

இவ்வேலைகளைத் திறந்த வெளியில் செய்தல் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றும்.

மண்ணெண்ணெய், டீசல் எஞ்சின்கள்

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்பியை நிறுத்துமுன், சிறிது நேரம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுதல் வேண்டும். இல்லையேல் காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை இயக்குவது சிரமமாகும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யுமாதலால், ஒயிலை அடிக்கடி சோதித்தல் அவசியம். அதன் மட்டம் உயர்ந்து காணப்பட்டால் உடனே மாற்றிவிடல் வேண்டும்.

டீசலில் ஓடும் இருசில்லு உழவு இயந்திரத்தின் தாங்கியை நிரப்பியே நிறுத்துதல் வேண்டும். வடிகட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடல் வேண்டும். பெற்றோலுக்குரிய காப்புத் திரவத்தை, போத்தலில் அவ்வாறு குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கலத்தலாகாது.

சேமிப்பில் நிதானம்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் மக்கள் கலன்களுடன் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அந்த அனுபவத்தால் எரிபொருளைச் சேர்த்து வைக்க விரும்புவது இயல்பே. ஆயினும் பெற்றோல் நெல்லைப்போற் பத்தாயத்தில் இட்டுவைக்கத்தக்க பண்டமன்று. ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்க்காதிருத்தலே சிக்கனமாகும். வாங்கிய திகதியைக் கலனில் எழுதி, பழையதை முதலிற் செலவிடல் வேண்டும். கலனைப் பிள்ளைகளுக்கு எட்டாத நிழலிடத்தில், அடுப்புக்குத் தொலைவில் வைத்தல் வேண்டும். குடிநீர்ப் போத்தல்களில் ஊற்றிவைத்தல் உயிராபத்தை விளைக்கும்.

வறட்சி தொடங்குமுன், வைகாசி மாதத்திலேயே எஞ்சினிற் புதிய பெற்றோலிட்டு ஒரு நாள் இயக்கிப் பார்த்தல் வேண்டும். பழுது ஏதேனும் காணப்பட்டால், பயிர் நீருக்கு ஏங்குமுன் அதனைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.