வாசல் ஒன்று, காவலுக்கு இருவர் வேண்டும்!

பெங்களூருவில் மார்க்கெட்டிலும் கட்டட வேலையிலும் அலுவலகங்களிலும் பாடுபடும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிப் படி ஏறியிருக்கிறார்கள். விண்ணப்பம், பரீட்சைக் கட்டணம், ஹால் டிக்கெட், மதிப்பெண் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கின்றன. கட்டணம் கட்டக் கடைசி நாளன்று அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் பிள்ளை பிரவுசிங் சென்டரில் காத்துக் கிடக்க வேண்டும். துணைக்கு வந்த தகப்பனாருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். தேதி தவறினால் அபராதம் வேறு.

எனவே இந்தக் கம்ப்யூட்டர் வாசலை எப்படி அமைக்கிறார்கள், அது நிற்காமல் இயங்க என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே.

ஒரு பாஸ், பல பஸ்

லைப்ரரிக்கு ஒரு பாஸ்வேர்டு, பரீட்சைப் பிரிவுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று என்று இருந்தால் மாணவர்கள் நோட்டு அட்டையில் எழுதி வைக்கத் தொடங்குவார்கள். அது யார் கண்ணில் பட்டாலும் ஆபத்து. இதற்கு மாற்றாக வந்ததுதான் 'சிங்கிள் சைன் ஆன்'.

பி.எம்.டி.சி. தினசரி பாஸ் எடுத்தவர் சிவாஜி நகரில் ஏறலாம், மெஜஸ்டிக்கில் இறங்கி வேறு பஸ் மாறலாம். ஒவ்வொரு பஸ்ஸிலும் சில்லறை எண்ண வேண்டியதில்லை. அதுபோல மாணவர் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்துவிட்டால், எல்லாப் பிரிவுகளும் அவரை ஏற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையம் 1983-ல் தொடங்கிய 'அதீனா' திட்டத்தில் இதற்காக 'கெர்பரஸ்' என்ற முறை உருவானது. பின்னர் யேல் பல்கலைக்கழகம் 'சி.ஏ.எஸ்.' என்ற ஏற்பாட்டைச் செய்தது. இரண்டிலும் மாணவருக்குக் கிடைக்கும் அனுமதிக்குப் பெயர் 'டிக்கெட்' என்பதே! நமது நாட்டில் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம், பல கல்லூரிகளின் மாணவர்கள் தங்கள் கல்லூரி பாஸ்வேர்டைக் கொண்டே ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க 'இன்ஃபெட்' என்ற ஏற்பாட்டை நடத்துகிறது.

கர்நாடகத்தில் 2021-ல் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பொதுவாக 'யு.யு.சி.எம்.எஸ்.' வந்தது. அட்மிஷன் முதல் ரிசல்ட் வரை ஒரே அடையாள எண்ணில் முடிப்பது இதன் நோக்கம்.

99 மார்க் போதாது

வாசல் ஒன்றானால் வசதி உண்டு, ஆபத்தும் உண்டு. லைப்ரரி கம்ப்யூட்டர் நின்றால் லைப்ரரி மட்டும் நிற்கும். காவல் கம்ப்யூட்டர் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

பரீட்சையில் நூற்றுக்கு 99 வாங்கினால் மாலை போடுவோம். ஆனால் ஒரு சர்வர் 99 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் வருடத்தில் 87 மணிக்கு மேல், அதாவது மூன்றரை நாளுக்கும் அதிகமாக, நின்றுகிடக்கிறது என்று பொருள். 99.9 சதவீதம் என்றால் 8 மணி 45 நிமிடம். அந்த நேரம் கட்டணத்தின் கடைசி நாளில் வந்து விழுந்தால் யார் என்ன செய்வது?

அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக சர்வர்களை வைக்கிறார்கள். முன்னால் ஒரு பங்கீட்டுக் கருவி நின்று, வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும். ஒன்று படுத்தால் மற்றதற்கே எல்லாரையும் அனுப்பும். அந்தக் கருவியும் ஒன்றே ஒன்றாக இருந்தால் பயனில்லை. அதற்கும் ஜோடி தேவை. இரண்டு சர்வர்களும் ஒரே மின் இணைப்பிலும் ஒரே யு.பி.எஸ்.ஸிலும் இருந்தால், கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

பதிவேடு பொதுவாக வேண்டும்

இயந்திரத்தை இரண்டாக்கினால் மட்டும் போதாது. முதல் சர்வர் டிக்கெட் கொடுத்திருக்கும். லைப்ரரி அதைச் சரிபார்க்கக் கேட்கும்போது கேள்வி இரண்டாவது சர்வருக்குப் போகலாம். அதனிடம் பதிவு இல்லையென்றால் 'இப்படி ஒரு டிக்கெட்டே இல்லை' என்று சொல்லிவிடும். மாணவர் கையில் நல்ல டிக்கெட் இருந்தும் வெளியே நிற்பார்.

ரயில்வேயிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் டில்லியில் 1985-ல் தொடங்கியது. டில்லி, கல்கத்தா, மும்பை, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றாக இணைக்கப்பட்ட பிறகே, எந்தக் கவுண்டரிலும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கும் வசதி நாடெங்கும் பரவியது. பதிவேடு பொதுவாக இருந்தால்தான் கவுண்டர்கள் பலவாக இருப்பதில் பலன்.

கடிகாரமும் முக்கியம். கெர்பரஸ் முறையில் இரு கம்ப்யூட்டர்களின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் பொதுவாக டிக்கெட் செல்லாது. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு; அதைப் புதுப்பிக்க மறந்தால் இயந்திரம் நன்றாக ஓடினாலும் வாசல் அடைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருக்கடி இல்லாத நாளில் ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத ஸ்டெப்னி டயரை நம்பி மலைப்பாதையில் யாரும் போவதில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

சர்வர் அமைப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. நமது பொறுப்பும் சிறிது உண்டு.

பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. 'லாக் அவுட்' செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கி, அடுத்து உட்காருகிறவருக்கு எல்லா வாசலும் திறந்துவிடக்கூடும். விண்ணப்பத்தில் சென்டர்காரரின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். சிம் கார்டு மாற்றினால் கல்லூரியில் உடனே தெரிவியுங்கள். கட்டணத்தைக் கடைசி நாளுக்கு முன்பே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாசல் அடைத்துக்கொண்டால் திரையில் தெரியும் செய்தியைத் தேதி, நேரத்துடன் போட்டோ எடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 'சர்வர் டவுன்' என்று பிள்ளை வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் காகிதம் இருந்தால், அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோருவதற்கு ஆதாரமாவது இருக்கும்.