தச்சருக்குக் கடன் உண்டு, முத்திரை?

புது தில்லி: மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் தச்சருக்குக் கருவிகள் வாங்க ரூ.15,000 வரையும், பிணையின்றி 5 சத வட்டியில் முதலில் ரூ.1 லட்சம் வரை கடனும் உண்டு. கதவு, நாற்காலி செய்ய இது உதவும்.

புணே அருகே, வாகன ஆலைகள் நிறைந்த சாகணில் மரத்தொழில் தொடங்குபவருக்கோ சரக்குப் பெட்டிகளே பெரிய சந்தை. ஏற்றுமதிப் பெட்டியின் மரம் பூச்சிநீக்கம் செய்யப்பட்டு, சர்வதேச முத்திரை பெற வேண்டும். மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைப்பது வழக்கமான முறை. உரிமம் பெற்ற நிறுவனமே முத்திரையிட இயலும்.

அதற்கான வெப்பக்கூடத்தை ரூ.1 லட்சத்தில் அமைக்க முடியாது. குறுந்தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்கவும் மத்தியத் திட்டம் உள்ளது. இரண்டையும் இணைக்காவிடில், கடன் பெற்ற தச்சர் முத்திரை உள்ளவரிடம் கூலியாகவே நிற்க நேரிடும். நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி இது.