பார்சல் கவருக்குச் சான்றிதழ் வாங்கினால் போதுமா?

சந்தையில் விட்ட பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்கு நிறுவனங்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியின்படி, 2024-25 ஆண்டறிக்கையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஏற்ற 2025 ஜூன் 30 கடைசி நாளாக இருந்தது. மறுநாளே உறை விவரங்களை கியூஆர் குறியீடாக அச்சிடலாம் என்ற திருத்தம் அமலுக்கு வந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால், வடசென்னையில் ஆன்லைன் வியாபாரம் செய்யும் வாசகர்கள் பலர் குழம்பிப்போய் எழுதியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே கருவாட்டுத் தொக்கு அனுப்பும் காசிமேட்டு வாசகி, கன்டெய்னரில் பொம்மை இறக்கி இணையத்தில் விற்கும் ராயபுரத்து வியாபாரி என எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது எனக்குப் பொருந்துமா?

காசிமேட்டு வாசகிக்குப் பொருந்தாது. பதிவு பெற்ற பிராண்டின் பெயரில் விற்பவர்களில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் ‘சிறு நிறுவனம்’ என்பதற்கான வரம்பு முதலீட்டில் 25 கோடி, ஆண்டு விற்றுமுதலில் 100 கோடி ரூபாய். திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ இன்ஸ்டாகிராமில் கடை நடத்தும் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டப்போவதில்லை. ராயபுரத்து வியாபாரியின் நிலை வேறு. பொம்மையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக்குக்கு இறக்குமதியாளரே பொறுப்பு. கடை சிறியது என்ற விலக்கு அவருக்குக் கிடையாது.

இனி, நான் உண்மையில் எழுத விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ‘நாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக் முழுவதையும் திரும்பப் பெற்றுவிட்டோம்’ என்று பெரிய பிராண்டுகள் விளம்பரம் செய்கின்றன. உங்கள் வீட்டுக்கு வந்த கவரை யாராவது திரும்ப வாங்கிப்போனார்களா? இல்லை. விதியும் அப்படிக் கேட்கவில்லை. 2022 பிப்ரவரி 16 அறிவிக்கை உருவாக்கியது ஒரு சான்றிதழ்ச் சந்தையை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 100 டன் கூரியர் கவர் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். குஜராத்தில் இருக்கும் மறுசுழற்சி ஆலை ஒன்று, அதே வகைப் பிளாஸ்டிக் 100 டன்னை உருக்கியதாக இணையதளத்தில் கணக்கு ஏற்றிச் சான்றிதழ் பெறுகிறது. நிறுவனம் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்குகிறது. இலக்கு எட்டப்பட்டதாகப் பதிவாகிவிடும். நிறுவனத்தின் சொந்தக் கவர்கள் கொசஸ்தலை ஆற்றில் மிதந்தாலும் கணக்கில் குறை வராது.

ஏற்பாடு புத்திசாலித்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கவரையும் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். உருக்குபவருக்குக் கூடுதல் வருமானம் கிடைத்தால் குப்பை பொறுக்குபவர் வரை நாலு காசு இறங்கும் என்பது கோட்பாடு. ஆனால் சான்றிதழ் பிறப்பது ஆலை ஏற்றும் கணக்கிலிருந்து. கணக்கைப் பொய்யாக எழுதினால்? எழுதினார்கள். குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தைச் சேர்ந்த 4 நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியதை வாரியத்தின் தணிக்கையே 2023-இல் கண்டுபிடித்தது. சந்தை தொடங்கி முழுதாக இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

தண்டனையிலும் தாராளம். இலக்கைத் தவறவிட்டவர் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். விட்டதை ஓராண்டுக்குள் ஈடுகட்டினால் அதில் 75% திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் என்றால் 60%, மூன்றாம் ஆண்டில் 40%. வீட்டு வரிக்கு இப்படி ஒரு சலுகை இருந்தால் நாமும் தவணையில் திருந்தியிருப்போம்.

இன்னொரு ஓட்டை வடசென்னைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பிளாஸ்டிக் பேக்கேஜிங்கை விதி பிரிக்கும் வகைகளில் கூரியர் கவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2024-25-இல் அந்த வகையில் கட்டாய மறுசுழற்சி 30%, 2025-26-இல் 40%. மறுசுழற்சிக்கு உதவாது என்று சொல்லப்படும் மிச்சம் ‘ஆயுள் முடிவு அகற்றலு’க்குப் போகலாம். சாலை போடுவதும் எண்ணெயாக்குவதும் அதில் அடங்கும். ஆனால் சிமென்ட் சூளையில் போடுவதும் குப்பையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் அதற்குள்தான் வருகின்றன. சுருக்கமாகச் சொன்னால், எரிப்பதும் பொறுப்பை நிறைவேற்றிய கணக்கில் சேரும். மணலி சின்னமாத்தூரில் மாநகராட்சி ஏற்கெனவே ஓர் எரிஆலையைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கொடுங்கையூரில் மிகப் பெரிய எரிஆலைத் திட்டம் மேசையில் இருக்கிறது, குடியிருப்போர் சங்கங்கள் எதிர்த்துவருகின்றன. கவர் வரும் வீடு அண்ணா நகரிலோ அடையாறிலோ இருக்கலாம். புகைபோக்கி எங்கே எழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எண்ணூர் அனல்மின் சாம்பலையும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவையும் பார்த்த மக்களிடம் ‘நவீனத் தொழில்நுட்பம், ஆபத்தில்லை’ என்று சொல்பவர்கள் புகை அளவீடுகளை அன்றாடம் வெளியிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பெரிய தளங்கள் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டன என்கிறார்களே? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பேக்கேஜிங்கை நீக்கிவிட்டதாக அமேசான் இந்தியா 2020-இலும் ஃபிளிப்கார்ட் 2021-இலும் அறிவித்தன. ஒரு பள்ளி மாணவர் தொடுத்த வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளங்களின் பேக்கேஜிங்கை விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அறிவிப்பை மறுபடி படியுங்கள்: ‘எங்கள் கிடங்குகளில்’ என்று இருக்கும். அதே தளத்தில் விற்றுத் தாங்களே பார்சல் கட்டி அனுப்பும் கடைக்காரர்கள் அந்த வாக்குறுதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கூரியர் கவர் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதா? 2019 ஜனவரி 1 முதல் தடையிலுள்ள 14 பொருள்களில் அது இல்லை. பிளாஸ்டிக் கைப்பைகள் எந்தத் தடிமனிலும் தடைதான்.

கியூஆர் குறியீடு கட்டாயமா? இல்லை, விவரம் தருவதற்கான வழிகளில் ஒன்று.

மக்கும் கவர்? வாரியத்தின் சான்று எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இருந்தாலும் உங்கள் ரோஜாத் தொட்டியில் மக்காது, அதற்குத் தொழிற்கூட வெப்பம் வேண்டும்.

அட்டைப்பெட்டிக்கும் இதேபோல விதி வருமா? காகிதம், கண்ணாடி, உலோக உறைகளுக்கான வரைவு 2024 டிசம்பரில் வெளியானது. 2026 ஏப்ரலில் அமலாகும் என்றது அந்த வரைவு.

அட்டையா, கவரா? அட்டை. காயலாங்கடைக்காரர் எடைபோட்டுக் காசு கொடுப்பார். முகவரித் தாள் ஒட்டிய கவரைத் தொடக்கூட மாட்டார்.

சட்டம் கேட்காவிட்டாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார் காசிமேட்டு வாசகி. பாட்டில் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் பெட்டி வாங்குங்கள். அதன் மேல் கவர் போடாதீர்கள். பழுப்பு டேப்புக்குப் பதில் காகித டேப் ஒட்டுங்கள். இடைவெளியில் பபிள் ரேப்புக்குப் பதிலாக இந்த நாளிதழையே கசக்கி வைக்கலாம். தொக்கை மட்டும் அதில் நேரடியாகச் சுற்றிவிடாதீர்கள், அச்சு மை பட்ட உணவு உடம்புக்கு ஆகாது.