லயத்து வைத்தியம் – 7: கொத்தமல்லித் தண்ணி

போன வாரம் வேப்பிலை பார்த்தோம். நுவரெலியாக் குளிரில் வேம்பு சரியாக வராது. கொஸ்லந்தைக்காரருக்கு அந்தக் குறை இல்லை. தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கினால் வேம்பு நிற்கும் வறண்ட பூமி வந்துவிடும். இந்த வாரம் தோட்டத்துக் கடையில் கிடைக்கும் கொத்தமல்லி.

ஐரோப்பியக் கிராமத்து வீடுகளில் லவெண்டருக்கு ஆயிரம் வேலை. தூக்கம் வராதவருக்குத் தலையணைக்குள் வைப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்கத் துணிப்பெட்டியில் போடுவார்கள். கெட்டது அண்டாதிருக்க வாசலுக்கு மேல் ஒரு கொத்துத் தொங்கும். நம் லயங்களில் லவெண்டர் ஏது? ஆனால் லவெண்டரின் மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுடையது. அதே லினலூல்தான் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கிறது.

ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறும் சட்டியில் வாசம் கிளம்பும்வரை வறுக்க வேண்டும், கருகினால் கசக்கும். ஒரு துண்டு சுக்கைத் தட்டிப்போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி வைத்துக் கொதிக்கவிட வேண்டும். மூடாவிட்டால் அந்த எண்ணெய் ஆவியோடு போய்விடும். சூடாக வடித்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம்.

அது கொதிக்கும்போதே மற்ற வைத்தியமும் நடக்கும். மலையிலிருந்து இறங்கிய அம்மா கொழுந்துக் கூடையை இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கடுகு, நாலு பேர் மிதித்த மண் எல்லாவற்றையும் கைக்குள் அடக்கி, தலையை மூன்று முறை சுற்றி அதே அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி ஏறாவிட்டால் திருஷ்டிதான் என்று முடிவு. பிறகு திருநீறு, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்த காசு.

இதை அறியாமை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரச்சொல்லி 1872இலேயே சட்டம் வந்தது. அதன் பிறகும் நடுச்சாமத்துக் காய்ச்சலுக்கு முதல் வைத்தியர் அம்மாதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். மருந்தும் தைரியமும் அந்த ஒரே அடுப்பிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அந்த அடுப்பே பறிபோன நாளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். சோறு சமைத்து வந்தது. இருமும் பிள்ளைக்கு இராத்திரியில் ஒரு கோப்பை அவித்துக் கொடுக்கச் சொந்த அடுப்பு இல்லை. இழப்பீட்டுக் கணக்குகளில் இதற்கு இடமே கிடையாது.

ஒன்றை மட்டும் தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். கொத்தமல்லித் தண்ணி சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இதம் தரும். டெங்குவை அது நிறுத்தாது. இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால், திருஷ்டி கழித்தாயிற்று என்று காத்திருக்காமல் கொஸ்லந்த வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். பிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணியையும் ஊற்றிக் கொண்டுபோங்கள். வரிசையில் காத்திருக்கும்போது பிள்ளை குடிக்கட்டும்.