தம்பின் இரயில் நிலையமும் மலாக்கா இழந்த கம்பிச் சடக்கும்

மஸ்ஜித் தானாவில் இரயில் நிலையம் இல்லை, என்றும் இருந்ததில்லை. அவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் இரயிலேற வேண்டுமாயின், வேற்றூருக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்றும் நிலை அதுவே. இரயில் இல்லாத ஊரிலிருந்து ஓர் இரயில் நிலையத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமா என்னும் வினா எழலாம். மலாக்காத் தமிழரின் வரலாற்றில் இருப்புப்பாதை பெற்ற இடத்தைக் காட்டிலும், அது பெயர்க்கப்பட்டதன் இடமே பெரிது என்பது நம் கருத்து. ஆதலின் இச்சிறு நிலையம் நம் கவனத்திற்கு உரியதாகிறது.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். தம்பின் நகரம் நெகிரி செம்பிலான் மாநிலத்தைச் சார்ந்தது. நிலையம் அமைந்திருப்பதோ மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்துப் புலாவ் செபாங்கில். மாநில எல்லை இரண்டு ஊர்களுக்கும் நடுவே செல்கின்றது. மலாக்கா மண்ணில் நின்றுகொண்டே அண்டை மாநில நகரின் பெயரை நிலையம் நெடுங்காலம் தாங்கி வந்தது. தற்போது ‘புலாவ் செபாங் / தம்பின்’ என இரு பெயரும் சேர்த்தே வழங்கப்படுகின்றன. எனினும் மூத்தோர் நாவில் அது ‘தம்பின் ஸ்டேசன்’ மட்டுமே.

இந்நிலையத்தின் தோற்றத்தை இரப்பரிலிருந்து பிரித்து நோக்க இயலாது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. சிரம்பானிலிருந்து தெற்கே நீண்ட முதன்மைப் பாதை தம்பினைத் தொட்டது. அங்கிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளைப்பாதை 1905ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் இருபது மைலுக்குச் சற்று மேல். இதனால் தம்பின் ஒரு சந்திப்பு நிலையமாயிற்று. பாதையைப் போட்டவரிலும் பேணியவரிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர். எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் அமர்ந்தவருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஒரே நிலையத்தில் ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரும் ஒரே குடியிருப்பில் வாழவில்லை என்பதையும் சுட்டியாக வேண்டும்.

தோட்டத்து மூத்தோர் இருப்புப்பாதையைக் ‘கம்பிச் சடக்கு’ என்பர். தார்ச்சாலையைச் சடக்கு என்று வழங்கிய மக்கள், இரும்புச் சாலைக்கும் அச்சொல்லையே நீட்டிக்கொண்டனர். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடாமலே பிறந்த நல்ல சொல் இது.

மலாக்காக் கிளைப்பாதையின் வாழ்வு நாற்பதாண்டைக்கூட எட்டவில்லை. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. கம்பி மட்டுமா போயிற்று? மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவருள் மிகப் பெரும்பான்மையர் தமிழர். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் மாண்டோர் பல பல்லாயிரவர். மலாக்காவின் தண்டவாளமும் மலாயாத் தமிழரின் உடலும் ஒரே காட்டில், ஒரே பாதைக்காகச் செலவழிக்கப்பட்டன. போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்ட கிழக்குக்கரைப் பாதை பின்னர் மீண்டும் போடப்பட்டது. மலாக்காப் பாதை போடப்படவேயில்லை. சாலையும் பேருந்தும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. மலாக்கா நகருக்குச் செல்லும் பயணி இன்றும் புலாவ் செபாங்கில் இறங்கி, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் சாலைவழியே செல்ல வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் இத்துயரைப் பதிவு செய்துள்ளன. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை.

இற்றைநாள் நிலையம் முற்றிலும் வேறானது. சிரம்பான்–கிம்மாஸ் இரட்டைப் பாதைத் திட்டம் 2013இல் நிறைவுற்றது. 98 கிலோமீட்டர் கொண்ட அப்பணியை மேற்கொண்டது இந்திய அரசு நிறுவனமான இர்கான். ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து கூலிகள் வந்தனர். இம்முறை பொறியாளர் வந்தனர். மேம்பாலம், மின்தூக்கி, பயணச்சீட்டு முகப்பு, தொழுகை அறை, வாகன நிறுத்துமிடம் ஆகியன இங்குள்ளன. ஈடிஎஸ் விரைவு இரயில் நிற்கின்றது. பத்துமலையிலிருந்து வரும் கொமுட்டர் தடத்தின் தென்முனையும் இதுவே. தைப்பூசத்திற்குச் செல்வோர் இங்கு ஏறினால் கோயில் வாசலுக்கு அருகிலேயே இறங்கலாம் என்பது நம்மவர்க்குக் கிட்டிய தனி வசதி.

சயாமுக்குப் போய் மீண்டவர்களுள் இன்று உயிருடன் இருப்போர் மிக அரியர். அவர்தம் பிள்ளைகளும் எழுபதைக் கடந்துவிட்டனர். மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரை இவர்களிடம் அனுப்பலாம். “உங்கள் தோட்டத்திலிருந்து யார் யார் சயாமுக்குப் போனார்கள்? எந்த ஸ்டேசனில் ஏற்றினார்கள்? யார் திரும்பி வந்தார்கள்?” என்னும் மூன்று வினாக்கள் தொடக்கத்திற்குப் போதும். விடைகளை அவர்கள் பேசிய சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். ‘கம்பிச் சடக்கு’ என்று பாட்டி சொன்னால் அதை ‘இருப்புப்பாதை’ என்று திருத்த வேண்டா.