மாணவர் நலம் பேசும் திருமுக்கூடல் கல்வெட்டு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த தலம் திருமுக்கூடல். பொங்கலை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை உற்சவத்தில் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்திற்கு எழுந்தருளி, பின்னர் ஆற்றைக் கடந்து இத்தலத்திற்கும் வருவதை அன்பர்கள் பலர் சேவித்திருப்பார்கள். அப்பன் வேங்கடேசப் பெருமாளைத் தரிசித்துப் பிராகாரம் வலம்வருவோரில், அங்குள்ள நீண்ட கல்வெட்டின் முன் நின்று பார்ப்போர் மிகச் சிலரே.

11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழனின் ஆட்சியில் பொறிக்கப்பட்டது அது. வயலைக்காவூர் என்னும் ஊரிலிருந்து கோயிலுக்கு வரும் வருவாயை எவ்வெவற்றிற்குச் செலவிடுவது என்று அது வகுத்துரைக்கிறது. நித்திய பூஜைக்கும் உற்சவங்களுக்கும் உரிய பங்கோடு, ஜனநாத மண்டபத்தில் இயங்கிய கல்விச்சாலைக்கும் அங்கு ஒரு பங்கு உண்டு. இருக்கு வேதம் கற்போர் 10 பேர், யசுர் வேதம் கற்போர் 10 பேர், வியாகரணம் கற்போர் 20 பேர், ஆகமம் பயில்வோர் உள்ளிட்ட பிறர் 20 பேர் என மொத்தம் 60 பேருக்கு அன்றாட உணவு. இன்றைய தணிக்கையாளரும் மெச்சும் கணக்கு!

உணவோடு அக்கணக்கு முடிந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு. படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கு, சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெய் ஆகியவற்றுக்கும் தனித்தனியே ஒதுக்கீடு காணப்படுகிறது. நோயுற்றோருக்காக 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றும் இருந்தது. வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்கள் எனப் பணியாளர் பலருக்கும் ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைப்பது தாய்க்குத் தோன்றும் எண்ணம். அது ஓர் அரசாணையில் இடம்பெற்றிருக்கிறது.

ஆயினும் அந்தப் பாய் எல்லோருக்கும் விரிக்கப்பட்டதன்று. வேத, சாத்திரக் கல்விக்கு உரியோர் எனக் கருதப்பட்டோருக்கே அங்கு இடம். உழவர் வீட்டுப் பிள்ளையும் குயவர் வீட்டுப் பிள்ளையும் அந்த மண்டபத்திற்கு வெளியே நின்றார்கள். இதை மறைத்துப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது.

அவர்களுக்கும் இலை போடப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் கூடி நிலமும் கட்டடமும் பலகையும் குடிநீர்ப் பானையும் பள்ளிக்கு வழங்கினார்கள். கோயில் திருப்பணிக்குக் கொடுத்துப் பழகிய கைகளுக்கு இது புதிதாக இருந்திராது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது.

இன்று பெரும்பாலும் சோற்றுக்கு அரசு பொறுப்பேற்றுள்ளது. விளக்குக்கும் மருந்துக்கும் உரிய இடம்தான் இன்னும் முழுமையாக நிரம்பவில்லை. ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஓசைக்கு நடுவே பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். மதிப்பெண்ணுக்கு அஞ்சி உறக்கமிழப்போரும் உண்டு. தேர்வு அச்சத்தால் வாடும் மாணவர்க்கு ஆலோசனை வழங்கப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுள்ள இல்லங்களில் நாட்காட்டியின் ஓரத்தில் இதைக் குறித்துவைப்பது நலம்.

பிறந்த நாளிலும் திருமண நாளிலும் கோயில் அன்னதானத்திற்குப் பணம் கட்டும் குடும்பங்கள், அதே நாளில் அருகிலுள்ள பள்ளியையும் நினைவிற்கொள்ளலாம். குஜராத்தில் தொடங்கிய 'திதி போஜனம்' என்னும் முறை அத்தகையது. விசேஷ நாள் காணும் குடும்பத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவேளை சிறப்புணவு அளிக்கிறார்கள். இனிப்பு வாங்குமுன் தலைமையாசிரியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. கழிவறைக்குத் தண்ணீர்க் குழாயோ, மாலை வகுப்பிற்கு இரண்டு விளக்குகளோ அங்கே அதைவிட அவசரமாகத் தேவைப்படக்கூடும்.