சர்க்கார் கணினியும் அதன் சாவியும்

பொதுக்கிணற்றுப் பம்பு செட்டு பழுதானால், மூடியைக் கழற்றிப் பார்க்கவும், நமக்கு வேண்டிய மெக்கானிக்கை அழைக்கவும் தடையில்லை. செய்த கம்பெனியைத் தவிர வேறு எவரும் அதைத் திறக்கலாகாது என்றால் என்ன ஆகும்? கணினிக்கென விலைக்கு வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் அவ்விதமானதே. அது எவ்வாறு வேலை செய்ய வேண்டுமென எழுதப்பட்ட வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். அதை விற்பவர் மறைத்து வைப்பர். மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தருவதே திறந்த மூல மென்பொருள். மக்களின் பதிவேடுகளைக் காக்கும் சர்க்காருக்கு எது ஏற்றது என்னும் விவாதம் ஐரோப்பிய நாடுகளில் இருபதாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அனுபவம் நாம் அறியத்தக்கது. அந்நகர சபையின் கணினிகள் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் 'விண்டோஸ் என்.டி.' மென்பொருளால் இயங்கி வந்தன. அதற்குரிய பராமரிப்பை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. இருப்பதை விட்டு வேறொன்றுக்கு மாறியே தீரவேண்டிய நிலை. கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் சென்று மேயரைச் சந்தித்தும், 2003-ஆம் ஆண்டில் நகர சபை திறந்த மூல மென்பொருளான லினக்ஸையே தேர்ந்தெடுத்தது.

வேலை பத்தாண்டு பிடித்தது. 2013-இல் 14,000-க்கும் மேற்பட்ட கணினிகள் மாறியிருந்தன. தாமதத்திற்கு ஒரு முக்கிய காரணம் படிவங்கள். ஒவ்வோர் இலாகாவும் தனக்கெனப் படிவங்களும் கடித மாதிரிகளும் வைத்திருந்தது. அவற்றைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. (ஒரு படிவத்தின் தலைப்பை மாற்றுவதே எத்தனை நாள் வேலை என்பதை அலுவலகத்தில் இருப்போர் அறிவோம்!) இதற்கென நகர சபையே 'வொல்மக்ஸ்' என்னும் மென்பொருளை எழுதி, 2008-இல் அனைவருக்கும் பொதுவாக வழங்கியது.

ஆயினும் 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதெனத் தீர்மானமாயிற்று. பிற அலுவலகங்களுடன் ஆவணங்களைப் பரிமாறுவதில் உண்டான தொல்லைகளும் உத்தியோகஸ்தர்களின் குறைகளும் காரணமாகக் கூறப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் நகரமே கேட்டுப் பெற்ற ஆய்வறிக்கையோ, கணினிப் பணி பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த நிர்வாக முறையையே பெருங்குறையாகக் காட்டியது. நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. பெட்டி திறந்திருந்து, பழுது நீக்குவோருக்கு அதிகாரம் இல்லையெனில் பயனென்ன? 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளையே பயன்படுத்துவதென உடன்பட்டது.

வடஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024-இல் இதே வழியில் இறங்கியது. சுமார் 30,000 கணினிகளில் எழுத்து வேலைக்கு 'லிப்ரே ஆபீஸ்' முதலிற் புகுத்தப்பட்டது. மின்னஞ்சல் மாற்றம் 2025 அக்டோபரில் முடிந்தது. இவ்வாறு படிப்படியாகச் செல்லும் முறையைப் பிரான்சின் ஜாந்தார்மரி என்னும் காவல் படை முன்னரே கையாண்டது. அங்கு 2005-இல் எழுத்து மென்பொருளும், அடுத்து மின்னஞ்சல் மென்பொருளும் மாற்றப்பட்டன. 2008 முதல் லினக்ஸ் வந்தபோது, காவலர் பழகியிருந்த அவையே புதிய கணினியிலும் இருந்தன.